ரொபின்சன், நொக்ஸ், பறங்கிப்பேட்டைப் பையன்

புகலிடத்தில் எழுதப்படும் கவிதைகளிலும் கட்டுரைகளிலும் ஒரு படிமம் திரும்பத் திரும்ப வருகிறது. கப்பல் உடைந்து, யாருமற்ற தீவொன்றில் தனியனாகக் கரையொதுங்கியவன் என்பதே அது. பனி, தனியறை, புரியாத மொழி, இரவு வேலை என்பன அத்தீவின் நிலக்காட்சி ஆகின்றன. கரையொதுங்கியவரின் கதைகள் மிகப் பழையவை. ஆனால் இப்படிமத்துக்கு அதன் நவீன வடிவத்தைக் கொடுத்தது 1719ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டனில் வெளியான டானியல் டீபோவின் 'ரொபின்சன் குரூசோ' என்ற நாவல். எம்மைப் பற்றிப் பேசுவதற்கு இந்நாவலிடமிருந்து ஒரு படிமத்தைக் கடன் வாங்குகிறோம் எனில், அது தன்னோடு வேறு எவற்றையெல்லாம் கூட்டிவருகிறது என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

சுருக்கப் பதிப்பு விட்டவை

எம்மிற் பலர் பள்ளிக்கூடத்தில் படித்தது சுருக்கப்பட்ட ரொபின்சனை. புயல், உடைந்த கப்பல், ஆட்டுத்தோல் உடை, கிளி, மணலில் ஒற்றைக் காலடி, வெள்ளிக்கிழமை என்ற பொருளில் பிரைடே என்று பெயரிடப்பட்ட வேலையாள், இறுதியில் மீட்பு. முழு நாவல் இதைவிடச் சிக்கலானது.

டீபோ இதனை வெளியிட்டபோது அறுபது வயதை அண்மித்திருந்தார். இங்கிலாந்தின் அரச திருச்சபையோடு இணங்காத புரட்டஸ்தாந்துக் குடும்பத்திற் பிறந்தவர். வியாபாரம் செய்து 1692ல் வங்குரோத்தானவர். ஒரு துண்டுப்பிரசுரத்துக்காக 1703ல் மூன்று நாட்கள் லண்டனின் பொது இடங்களில் கழுத்தும் கைகளும் மரச்சட்டத்திற் பூட்டப்பட்டு நிறுத்தப்பட்டவர். எழுத்துக்காகத் தண்டனை அனுபவித்த ஒருவரின் கையிலிருந்து வந்த நாவல் இது என்பதை மனதிற் கொள்ளவேண்டும்.

நாவலின் முதற் பந்தியே ஜேர்மனியில் வாழும் எமக்குச் சுவாரசியமானது. ரொபின்சனின் தந்தை பிறேமன் நகரத்தவர். இங்கிலாந்துக்குப் போய் ஹல் நகரில் வியாபாரஞ் செய்து, பின்னர் யோர்க்கிற் குடியமர்ந்தவர். குடும்பப் பெயர் க்றொய்ட்ஸ்நார். ஆங்கிலேயர் வாயில் அது சிதைந்து குரூசோ ஆயிற்று. ஆக, உலக இலக்கியத்தின் மிகப் பிரபலமான ஆங்கிலேயன் பெயர் சிதைக்கப்பட்ட ஒரு ஜேர்மன் குடியேறியின் மகன். இவன்தான் பின்னர் இன்னொருவனுக்கு, அவனுடைய பெயர் என்ன என்று கேளாமலே, கிழமையின் பெயரைச் சூட்டுகிறான்.

தீவுக்கு வருமுன் ரொபின்சனே அடிமையாக இருந்திருக்கிறான். மொரோக்கோவின் சலே துறைமுகத்தில் இரண்டு வருடங்கள். அங்கிருந்து சூரி என்ற பையனோடு படகில் தப்புகிறான். பையனின் உழைப்பும் துணிவும் இல்லையெனில் அவன் பிழைத்திருக்க முடியாது. எனினும் தம்மைக் கடலில் மீட்ட போர்த்துக்கேயக் கப்டனுக்கு அதே பையனை அறுபது வெள்ளி நாணயங்களுக்குக் கொடுத்துவிடுகிறான். பின்னர் பிரேசிலில் ஒரு தோட்டத்துக்குச் சொந்தக்காரன் ஆகிறான். தோட்டங்களுக்கு ஆட்கள் போதவில்லை. ஆபிரிக்கக் கரைக்குச் சென்று அடிமைகளை வாங்கிவரப் புறப்பட்ட கப்பலே 1659 செப்டெம்பர் 30ந் திகதி உடைகிறது. சிறுவர் பதிப்புகள் பெரும்பாலும் இந்தக் காரணத்தை விட்டுவிடுகின்றன. காரணம் போய்விட்டால் மிஞ்சுவது புயல் மட்டுமே. புயலுக்கு யாரும் பொறுப்பில்லை.

தனிமை என்னும் கணக்கு

இருபத்தெட்டு வருடங்கள் தீவில் இருந்த ரொபின்சன் உண்மையில் எவ்வளவு தனியன்? உடைந்த கப்பலுக்கு அவன் மீண்டும் மீண்டும் போய்வருகிறான். தச்சனின் ஆயுதப் பெட்டி, துப்பாக்கிகள், வெடிமருந்து, பாய்த்துணி, கயிறு, காகிதம், மை, பைபிள் என்று கரைக்குக் கொண்டுவருகிறான். ஒவ்வொன்றும் வேறு யாரோ செய்த பொருள். கோடரியில் ஒரு கொல்லன் இருக்கிறான். துப்பாக்கியில் சுரங்கத் தொழிலாளியும் பட்டறைக்காரனும் இருக்கிறார்கள். பணத்தைக் கண்டதும் இதனால் என்ன பயன் என்று இகழ்கிறான். பின்னர் யோசித்து அதையும் எடுத்துக்கொள்கிறான். அவன் தீவில் மண்பானை சுட்டுக்கொண்டிருந்த காலம் முழுவதும் பிரேசில் தோட்டம் அவன் பெயரில் இலாபம் சேர்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அவன் செல்வந்தன்.

இதனை மிகத் தெளிவாகக் கண்டவர் இந்நாட்டில், ட்ரியர் நகரிற் பிறந்த கார்ல் மார்க்ஸ். 1857ல் எழுதிய அரசியற் பொருளாதார முன்னுரையில், தனியனான வேட்டைக்காரனிலிருந்து பொருளாதாரத்தைத் தொடங்கும் வழக்கத்தை ரொபின்சன் கதைகளின் வரிசையிற் சேர்க்கிறார். சமூகத்துக்கு வெளியே தனிமனிதன் உற்பத்தி செய்வதென்பது, சேர்ந்து வாழ்ந்து பேசும் மனிதர் இன்றி மொழி வளர்ந்தது என்பதைப் போன்ற அபத்தம் என்பது அவரது வாதம். 1867ல் ஹம்பேர்க்கில் வெளியான 'மூலதனம்' முதலாம் பாகத்தில் ரொபின்சன் மீண்டும் வருகிறான். இம்முறை மார்க்ஸ் அவனை ஓர் உதாரணமாகப் பயன்படுத்துகிறார். மணிக்கூடும் பேரேடும் பேனாவும் வைத்துக்கொண்டு எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று ரொபின்சன் கணக்கெழுதுகிறான். அங்கே உழைப்புக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு ஒளிவுமறைவற்றது. செய்தவனும் அவனே, பாவிப்பவனும் அவனே.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் நீரேற்றி ஒன்றின் உடலில் இறப்பர் வளையத்தைப் பொருத்துவது எனது பங்கு. வளையம் எங்கிருந்து வருகிறது, நீரேற்றி எந்த ஊர்க் கிணற்றுக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. ரொபின்சனின் பானை கோணலானது. ஆனால் முழுப் பானை. புகலிடத்தில் எமக்குள்ள தனிமை அவனுடைய தனிமைக்கு நேரெதிரானது. நூறு கைகளுக்கு நடுவில் நின்று வேலை செய்துகொண்டே யாரும் இல்லை என்று உணர்கிறோம். எமது நிலைமையை ஆளற்ற தீவு என்று வர்ணிக்கும்போது பக்கத்தில் நிற்கும் துருக்கியரும் போலந்துக்காரரும் எரித்திரியரும் அந்த வர்ணனையிலிருந்து மறைந்துபோகிறார்கள்.

எங்கெல்ஸ் இன்னொரு புறத்தைத் தொடுகிறார். டூரிங்குக்கு எதிரான நூலில், ரொபின்சன் பிரைடேயை அடிமையாக்க வாள் மட்டும் போதாது என்கிறார். அடிமையை வேலை வாங்கக் கருவிகள் வேண்டும். அவனை உயிரோடு வைத்திருக்க உணவு வேண்டும். அதாவது அதிகாரத்துக்கு முன்னரே ஒரு சேமிப்பு இருக்கவேண்டும். பிரைடே கரைக்கு வந்தபோது ரொபின்சனிடம் களஞ்சியம் இருந்தது. அந்த வித்தியாசமே ஒருவனை எசமானும் மற்றவனை ஏவலாளும் ஆக்கிற்று.

இரண்டு ஜேர்மன் தீவுகள்

நாவல் வெளியான மறு வருடமே ஜேர்மன் மொழிக்கு வந்தது. தொடர்ந்து இங்கு ரொபின்சன் கதைகள் பெருகின. இவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கன.

யொஹான் கொட்பிரீட் ஷ்னாபல் 1731ல் வெளியிடத் தொடங்கி நான்கு பாகங்களாக முடித்த நாவல் 'பெல்சன்புர்க் தீவு' என்ற பெயரில் அறியப்படுகிறது. 'ரொபின்சனாட' என்ற சொல்லே இதன் முன்னுரையிலிருந்து பரவியது. ஷ்னாபலின் தீவில் இருப்போர் ஐரோப்பாவின் போர்களாலும் அநீதிகளாலும் துரத்தப்பட்டவர்கள். ரொபின்சனுக்குத் தீவு ஒரு சிறை; இவர்களுக்கு அது புகலிடம். அவர்கள் அங்கே ஒரு சமூகமாகின்றனர். ஒவ்வொருவராகத் தமது கதையைச் சொல்கின்றனர், மற்றவர்கள் கேட்கின்றனர்.

யோவாகிம் ஹைன்றிஹ் கம்ப்பெ 1779ல் ஹம்பேர்க்கில் வெளியிட்ட 'இளைய ரொபின்சன்' சிறுவர்களுக்கானது. அவரது ரொபின்சன் ஹம்பேர்க் பையன். கம்ப்பெ அவனிடமிருந்து ஆயுதப் பெட்டியைப் பறித்துவிடுகிறார். வெறுங்கையோடு கரையேறும் மனிதனுக்கு மற்ற மனிதர் எவ்வளவு தேவை என்று குழந்தைகளுக்குக் காட்டுவதே அவர் நோக்கம். டீபோவின் கதைக்குள் மறைந்திருந்த கேள்வியை ஒரு ஜேர்மன் ஆசிரியர் அறுபது வருடங்களின் பின் வெளிப்படையாகக் கேட்டார் எனலாம்.

கொட்டியாரத்தில் ஒரு கப்பல்

ரொபின்சனுக்கு உண்மை மாதிரி யார் என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் அலெக்சாண்டர் செல்கேர்க். தென் பசுபிக்கின் யுவான் பெர்னாண்டஸ் தீவுகளில் ஒன்றில் 1704 தொடக்கம் 1709 வரை தனித்திருந்த ஸ்கொட்லாந்து மாலுமி. ஆனால் அவரிருந்தது நான்கு வருடங்களும் சில மாதங்களும் மட்டுமே. ஏறத்தாழ இருபது வருடங்கள் தீவொன்றில் அகப்பட்டிருந்த இன்னொரு ஆங்கிலேயரை டீபோ நன்கு அறிந்திருந்தார். அவர் றொபேர்ட் நொக்ஸ். அந்தத் தீவு எமது தீவு.

கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்ற கப்பல் 1659 நவம்பரில், மசூலிப்பட்டினத்துக்கு அண்மையில் புயலில் பாய்மரம் இழந்தது. ரொபின்சனின் கப்பல் கற்பனையில் உடைந்து இரண்டு மாதங்களும் ஆகவில்லை. பாய்மரம் மாற்றவும் வியாபாரஞ் செய்யவும் கப்பல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660ல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள், கப்டனையும் அதே பெயர் கொண்ட அவரது மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுசென்றனர். மகன் நொக்ஸுக்கு அப்போது வயது பத்தொன்பது. தந்தை மறு வருடமே காய்ச்சலில் இறந்தார். மகன் 1679 ஒக்டோபரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன் அனுராதபுரம் வழியாக, அருவியாற்றங்கரை நெடுக நடந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681ல் லண்டனில் அவரது இலங்கை வரலாற்று நூல் வெளியாயிற்று. 1720ல் டீபோ வெளியிட்ட 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதை அவர் பெயரோடேயே சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. ரொபின்சனின் நாட்கணக்கிலும் வேலி கட்டும் பழக்கத்திலும் பைபிள் வாசிப்பிலும் நொக்ஸின் சாயலைக் காணும் ஆய்வாளர் உளர்.

நொக்ஸின் வாழ்க்கை ஆளற்ற தீவு வாழ்க்கை அன்று. மன்னன் கைதிகளை ஒன்றாக வைத்திருக்கவில்லை. வெவ்வேறு ஊர்களில் பிரித்து வைத்தான். அவர்களுக்கு உணவு கொடுப்பது ஊராரின் கடமையாக்கப்பட்டது. அனுமதியின்றி ஊரை விட்டுப் போகலாகாது. சில காலத்தின் பின் ஆங்கிலேயர் சமைத்த சோற்றுக்குப் பதிலாக அரிசியாகவே கேட்டு வாங்கினர். மீதியை விற்கலாம் அல்லவா. தொப்பி பின்னி விற்றனர். எல்லோரும் பின்னத் தொடங்கியதும் தொப்பியின் விலை விழுந்தது. நொக்ஸ் நெல்லைக் கடன் கொடுத்து, வருடத்துக்கு ஐம்பது வீத வட்டி பெற்றார். பின்னர் ஊர் ஊராகச் சாமான் விற்கும் வியாபாரியானார். அந்த வியாபாரத்தில் அறிந்துகொண்ட பாதையாலேயே தப்பினார்.

இதனை வாசிக்கும் புகலிடத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. ஜேர்மனிக்கு வரும் அகதிகள் மாநிலங்களின் வரி வருமானத்தையும் சனத்தொகையையும் கொண்டு கணக்கிடப்படும் கொனிக்ஸ்ரைன் பங்கீட்டின்படி பிரித்து அனுப்பப்படுகின்றனர். 1982ம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் குறிப்பிட்ட மாவட்டத்தை விட்டு வெளியேறாதபடி கட்டிப்போட்டது. 2015ல் இது பெருமளவு தளர்த்தப்பட்டது. ஆயினும் வரவேற்பு முகாம்களில் இருப்போருக்குக் கட்டுப்பாடு தொடர்கிறது. 1993ன் அகதி உதவிச் சட்டம் பணத்துக்குப் பதில் பொருளாகக் கொடுப்பதை முதன்மைப்படுத்தியது. ஹைம்களில் உணவுப் பொதிகளை வாங்கிப் பண்டமாற்றுச் செய்தவர்கள் எம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். 2024ல் கொடுப்பனவு அட்டை வந்தது. கண்டியில் மன்னனின் வாய்ச்சொல், இங்கே எழுதப்பட்ட சட்டமும் முறையிட நீதிமன்றமும். இது பெரிய வித்தியாசம்தான். எனினும் பிரித்து வை, அசையாதே, பொருளாகக் கொடு என்ற மூன்று விதிகளும் மூன்றரை நூற்றாண்டுகளின் இரு முனைகளிலும் ஒன்றாகவே இருக்கின்றன.

பறங்கிப்பேட்டைப் பையன்

நொக்ஸின் நூலில் எமது வாசகர்கள் அதிகம் கவனிக்காத ஒருவன் உண்டு. கப்டன் நொக்ஸ் தமக்குப் பணிவிடை செய்வதற்காக பறங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்திருந்தார். நொக்ஸ் அவனைக் கறுப்புப் பையன் என்றே குறிப்பிடுகிறார். பறங்கிப்பேட்டை தமிழ்க் கடற்கரை. அவன் தமிழ் பேசியவனாக இருந்திருக்கக்கூடும்.

கைதானபின் நடந்ததை நொக்ஸ் சொல்கிறார். தன் எசமான் தன்னுடைய நிறத்தவரான மக்களிடம் கைதியாக இருப்பதைக் கண்ட பையன் அதன்பின் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை. தனக்கு விருப்பமானதை மட்டுமே செய்தான். அவனைக் கட்டாயப்படுத்தும் வல்லமை தமக்கு இல்லையென்று அப்போது எண்ணியது தமது அறியாமை என்றும் நொக்ஸ் சேர்த்துக்கொள்கிறார். தந்தை இறந்தபோது மகனும் காய்ச்சலில் கிடந்தார். ஊராரிடம் உதவி கேட்டுப் பேச அனுப்பப்பட்டவன் இந்தப் பையனே. மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொடுத்து, உடலைக் காட்டுக்கு இழுத்துச் செல்லும்படி ஊரார் சொன்னார்கள். கூலி கொடுத்த பின்னரே ஓர் ஆள் வந்தான்.

இதனை பிரைடேயின் கதையோடு வைத்துப் பார்க்கவேண்டும். டீபோவின் நாவலில் பிரைடே ரொபின்சனின் காலைத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறான். அவன் முதலிற் கற்கும் சொற்களுள் ஒன்று எசமான் என்பது. கற்பனைத் தீவில் ஏவலாள் விரும்பிப் பணிகிறான். உண்மைத் தீவில் எசமான் பிடிபட்டபின் ஏவலாள் பணிய மறுக்கிறான். ஒருவருடைய சிறைப்பாடு மற்றவருக்கு முதன்முறையாக மூச்சுவிடக் கிடைத்த இடமாயிற்று. இந்த மறுப்பு எமக்கு எட்டுவது இரண்டொரு வாக்கியங்களில், அதுவும் எசமானின் மகன் முறைப்பாடாக எழுதியதால். ஜே. எம். கூட்ஸி 1986ல் எழுதிய 'ஃபோ' நாவலில் பிரைடேயின் நாக்கு வெட்டப்பட்டிருக்கிறது. அவன் கதையை அவனைத் தவிர யாரும் சொல்லமுடியாது, அவனாலும் சொல்லமுடியாது. பறங்கிப்பேட்டைப் பையனின் நாக்கை யாரும் வெட்டவில்லை. ஊராரோடு பேசியவனே அவன்தான். அவனிடம் காகிதம் இருக்கவில்லை, அவ்வளவே.

நொக்ஸ் பின்னர் செய்ததையும் சொல்லவேண்டும். ஊர் திரும்பிய அவருக்குக் கம்பனி ஒரு கப்பலின் தலைமையைக் கொடுத்தது. 1684ல் அவர் போனது மடகாஸ்கருக்கு. சென் ஹெலனா தீவின் குடியேற்றத்துக்கு அடிமைகளை வாங்கிவருவது அப்பயணத்தின் நோக்கங்களில் ஒன்று. பத்தொன்பது வருடங்களுக்கு மேல் சுதந்திரமின்றி இருந்தவர், தந்தையைத் தன் கையால் அடக்கஞ் செய்தவர், விடுதலையான ஐந்து வருடங்களுக்குள் மனிதரை வாங்கப் போகிறார். ரொபின்சன் சூரியை விற்றது கற்பனை. இது வரலாறு.

எமது பேரேடு

துன்பம் மனிதனைத் தானாகவே நீதியுள்ளவன் ஆக்குவதில்லை என்பதே இவ்விரு கதைகளும் சேர்ந்து சொல்வது. நாம் எழுதும் பலவற்றின் அடியில் இதற்கு எதிரான ஒரு நம்பிக்கை ஓடுகிறது. இழந்தோம், ஆகவே எமக்குத் தெரியும். கரையொதுங்கினோம், ஆகவே நாம் குற்றமற்றோர் என்பதே அது. நொக்ஸ் விடுதலை பெற்ற அரிப்பு அமைந்திருக்கும் மன்னாரிலிருந்தும் வடக்கின் ஏனைய பகுதிகளிலிருந்தும் 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒடுக்கப்பட்டோரின் பெயராலேயே அது செய்யப்பட்டது. அந்த மக்களின் கப்பலை உடைத்தது புயல் அன்று.

இங்கும் பேரேடு ஒன்றைத் திறக்கலாம். வேலைப் பட்டியலில் எமது பெயர்களை இரண்டு எழுத்தாக நறுக்கும் மேற்பார்வையாளரைப் பற்றி நாம் கசப்போடு பேசுகிறோம். நியாயம். ஆனால் எமது கடைகளின் பின்னறைகளில் பதிவில்லாத கூலிக்கு வெங்காயம் உரிக்கும், விசா இல்லாத எம்மூர்ப் பையனின் முழுப் பெயர் எத்தனை முதலாளிகளுக்குத் தெரியும்? முகாமிலிருந்து வந்தவனுக்கு ஐம்பது வீத வட்டிக்குக் கொடுத்தவர் கண்டியில் மட்டுமா இருந்தார்? பகலில் வயோதிபர் இல்லத்திற் படுக்கை மாற்றி, மாலையில் வீட்டுக்குச் சமைத்து, கணவனின் இலக்கியச் சந்திப்புக்குத் தேநீரும் ஊற்றும் பெண்ணின் உழைப்பு எந்தப் புகலிட இலக்கிய வரலாற்றில் இருக்கிறது? 2015ன் பின்னர் வந்த சிரிய, ஆப்கான் அகதிகளைப் பற்றி எம்மவர் சிலர் பேசும் பேச்சு, 1980களில் கிழக்கு பேர்லின் வழியாக வந்திறங்கிய எம்மைப் பற்றி இங்கு பேசப்பட்ட பேச்சிலிருந்து எவ்வளவு வேறுபட்டது? சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் தொலைபேசி உரையாடல்களை இங்கு விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

கரையொதுங்கியவன் என்ற படிமத்தைக் கைவிடவேண்டும் என்பது என் வாதமன்று. அதற்கு உண்மையான வலி ஒன்று உண்டு. அதனை முழுமையாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதே வாதம். ஆயுதப் பெட்டியோடு, பிரேசில் தோட்டத்தோடு, விற்கப்பட்ட சூரியோடு, கீழ்ப்படிய மறுத்த பையனோடு. கரையேறியபோது எம்மிடம் என்ன இருந்தது? படிப்பு, சாதி, நிலம் விற்ற பணம், முதலில் வந்து சேர்ந்த அண்ணன், இவற்றில் எவை? இவை எதுவுமின்றி வந்தவர்கள் யார்? புகலிட வரலாறு எழுதப் புறப்பட்டிருக்கும் நண்பர்கள் இயக்கங்களின் கிளைகளையும் சஞ்சிகைகளின் இதழ் எண்களையும் திரட்டுகிறார்கள். அவசியமான வேலை. ஹைம்களில் மற்றவர்களுக்காக மொழிபெயர்த்தவர்களையும், எல்லை கடக்கையில் வழியில் இறந்தவர்களை அடக்கம் செய்தவர்களையும், பின்னறைகளில் வேலை செய்தவர்களையும், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்வதும் அதே அளவுக்கு அவசியம். அவர்களுடைய பெயர்களை முழுமையாக, அவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதவேண்டும். இதில் மாறுபாடு உடையோர் அடுத்த இதழில் எழுதட்டும்.